தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

எங்கள் தெருவில் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர் என்று யாருமே கிடையாது, என்னைத் தவிர. அவரவர் பிள்ளைகள் மூக்கு ஒழுகிக்கொண்டு சாக்கடை ஓரமாகத் தானாகவே வளர்ந்துகொண்டிருந்தன. அதனால் அவர்களுக்கு நேரம் ஜாஸ்தி. அந்த நேரத்தை எல்லாம் என் வீட்டுக்கு வந்த ஒரே ஒரு பிள்ளைக்காகச் செலவு செய்தார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கக் கூச்சப்படுவேன். கேட்டுக்கொள்ள இப்படி ஒருத்தி கிடைத்தால் யார்தான் புத்தி சொல்லாமல் விடுவார்கள்?

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் தை மாசத்தில் என் பெரிய நாத்தனார் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. பைக்குப் பின்னால் ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை. பையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை முன்னால் தள்ளி, அதன் குணநலன்களை ஒப்பித்தார். அழாது. கேள்வி கேட்காது. போட்டதைத் தின்னும். இருக்கிற இடம் தெரியாது. திங்கட்கிழமை சந்தையில் கறவை மாடு விற்கிறவன்கூட இவ்வளவு சொல்ல மாட்டான். மாடு உதைக்குமா என்று வாங்குகிறவன் திருப்பிக் கேட்பான் என்கிற பயம் அவனுக்கு உண்டு.

குழந்தை, என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை மகள். அந்தத் தங்கை கிணற்றில் விழுந்து செத்தவள். விழுந்தாளா, வேறு ஏதாவதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், கருமாதிப் பந்தி நேரத்தில் அது எதற்கு என்று எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அப்போது குழந்தைக்கு நாலு வயசு. காலையிலிருந்து சாயந்தரம் வரை கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்ததாம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தர், ஏன் பாப்பா இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, அம்மா உள்ளே இருக்கு என்றதாம். அப்பன் ஆறு மாசத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். புது மனைவிக்குக் குழந்தையைப் பார்த்தால் தலைவலி. சித்தப்பன் வீட்டில் கொஞ்ச நாள். அங்கே ஆட்டுக்குட்டி செத்தது, பழி குழந்தை மேல். நாத்தனார் வீட்டில் கொஞ்ச நாள். அங்கே என்ன செத்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் நாலாவது வீடு.

“உனக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகுது. மடி நெறஞ்ச மாதிரி இருக்கும்,” என்றார் நாத்தனார். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அவர் போனதும் குழந்தை என்னை அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டது.

“அத்தை, எந்தக் கொடத்துல தண்ணி எடுக்கணும்?”

எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று நான் பூரித்துப் போனேன். தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தேன், அதாவது எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னேன். அவரிடம் சொன்னால் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி.

ஒரு மாசம் வரை எங்களுக்குத்தான் எவ்வளவு பெருமை. கூப்பிட்டால் வந்து நிற்பாள். தட்டில் வைத்ததைத் தின்பாள், போதும் என்றும் சொல்ல மாட்டாள், இன்னும் வேண்டும் என்றும் சொல்ல மாட்டாள். என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை எடை போடுகிற வேலையில் இருந்தார். அவர் சாயந்தரம் வந்தால் செம்பில் தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, கை எட்டாத தூரத்துக்கு நகர்ந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்றார் அவர். அடி விழும் தூரத்தை அவள் அளந்து வைத்திருக்கிறாள் என்பது எடை போடுகிற அந்த மனுஷனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் பாயைச் சுருட்டும்போது எறும்பு வரிசையாகப் போயிற்று. பின்னாலேயே போய்ப் பார்த்தால், மடித்து வைத்த கம்பளிக்குள் பூசணம் பிடித்த களி உருண்டை நாலு. பாவாடை மடிப்பில் மல்லாட்டை. அரிசிப் பானைக்கு அடியில் பாதி கடித்த முறுக்கு. எடுத்தாயா என்று கேட்டால், இல்லை என்றாள். கையில் இருக்கும்போது கேட்டாலும் இல்லை என்றாள்.

எதிர்வீட்டு அம்மாளிடம் இதையும் போய்ச் சொன்னேன் பாருங்கள், அது என் புத்தி.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. எதிர்வீட்டு அம்மாள் மிளகாய், உப்பு, தெருமண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வராவிட்டால் கண்ணேறு, நெடி வந்தால் இன்னும் பெரிய கண்ணேறு என்றார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் குழந்தையைத் திரும்பியே பார்க்காமல் வயிற்றில் பூச்சி என்று சொல்லி மருந்து ஊற்றிக் கொடுத்தார். தர்காவில் ஒரு பெரியவர் ஓதி, தாயத்து கட்டினார். அவர் ஒருத்தர்தான் பிள்ளையின் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று கேட்டவர். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, இவளுக்குப் புத்தி மந்தம், கடைசி பெஞ்சில் உட்கார வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார். அங்கே சுவர் இருந்தது. அவளுக்கும் அதுதான் பிடித்தது.

எதுவும் ஆகவில்லை என்றதும், மலை சுற்றினால் சரியாகிவிடும் என்று எதிர்வீட்டு அம்மாள் முடிவு செய்தார். ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நானும் அவரும் குழந்தையும் கிளம்பினோம். அப்போதெல்லாம் இப்போது மாதிரி ஜனம் கிடையாது, தார் ரோடும் பாதிதான். செருப்பில்லாமல் நடந்தோம். எதிர்வீட்டு அம்மாள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார், ரெண்டு இடத்தில் டீ குடித்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாமலையாரைத் திட்டாத குறை. பிள்ளை ஒரு இடத்தில்கூட உட்காரட்டுமா என்று கேட்கவில்லை. மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலைக் கிராமத்தில் ஒரு கிழவி தண்ணி கொடுக்கும்போது, ஏம்மா குழந்தை காலில் ரத்தம் என்றாள். குனிந்து பார்த்தால் கண்ணாடித் துண்டு உள்ளே போய், குதிகால் கிழிந்து, மண்ணோடு ரத்தம் காய்ந்திருந்தது. எங்கே குத்தியது என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. வலித்தால் ஒருத்தரிடம் சொல்லலாம், சொன்னால் அவர் ஏதாவது செய்வார் என்கிற சமாசாரம் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

“இன்னா பக்தி பாரு,” என்றார் எதிர்வீட்டு அம்மாள். “ரத்தம் வந்தும் வாயத் தொறக்கல.”

அந்தக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கியபோதுதான் எனக்கு முதல் முறையாக, இவ்வளவு நல்ல பிள்ளையாக இருப்பது ஒரு வியாதியோ என்று தோன்றியது. தோன்றியதை யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிள்ளை அழுதால் கவலைப்படுவார்கள், அழாததற்குக் கவலைப்படுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மறு வருஷம் மண்டியில் அடுக்கு சரிந்து அவர் காலின் மேல் மூட்டை விழுந்தது. எலும்பு முறிந்து, புத்தூர்க்கட்டுப் போட்டு, ரெண்டு மாசம் படுக்கை. அடுக்கை ஒழுங்காக அடுக்காத ஆளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனார் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

“அம்மாளை முழுங்கிடுச்சு. சித்தப்பன் வீட்டு ஆட்டை முழுங்கிடுச்சு. இப்ப என் தம்பி காலு,” என்று வாசலிலேயே ஆரம்பித்தார். குழந்தை செம்பில் தண்ணி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். எங்கள் ஊரில் குழந்தைகளுக்குக் காது கிடையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு.

அவர் ரெண்டு வழி சொன்னார். ஒன்று, வேலூரில் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம். இல்லையென்றால் தவிட்டுக்கு விற்று வாங்கணும். பலிக்கவில்லையென்றால் மறுபடியும் விடுதி.

இந்தத் தவிட்டுச் சமாசாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த பிள்ளை தங்காவிட்டாலோ, பிள்ளையால் வீட்டுக்குக் கேடு என்று ஜாதகம் பேசினாலோ, நிறையப் பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் சாமி எதிரில் அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். இனிமேல் இது உன் பிள்ளை என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பழைய தோஷம் எல்லாம் விற்ற வீட்டோடு போயிற்று, இது தவிட்டுக்கு வாங்கின புதுப் பிள்ளை என்று கணக்கு. விதியை ஏமாற்றுகிற வேலை. விதி அவ்வளவு அசடாக இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. முந்தானையில் ஏந்துகிற கைக்குழந்தைக்குச் செய்வது வழக்கம். அது பால் குடித்துக்கொண்டே விற்கப்படும், தூங்கிக்கொண்டே வாங்கப்படும். அதற்கு ஒன்றும் தெரியாது.

இவளுக்கு ஏழு வயசு.

ஒப்புக்கொள் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விடுதிக்கு அனுப்புவதற்கு இது தேவலை என்று நினைத்தேன். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, பொய் எதற்கு. குழந்தையிடம் இது சும்மா ஒரு சடங்கு, மத்தியானம் வந்து கூட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிடலாமா என்று மட்டும் கேட்டேன். பிள்ளைக்குத் தெரிந்தால் பலிக்காது என்றார் நாத்தனார். இந்தச் சட்டத்தை அவர் அங்கேயே, அப்போதே உண்டாக்கினார் என்று பின்னால் தெரிந்தது. அப்போது நான் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனை மாரியம்மன் கோயில். பெரிய கோயிலின் மேற்கு வாசல், பேகோபுரம் பக்கம் அஞ்சு பிள்ளை பெற்ற ஒருத்தி இருந்தாள். நல்ல மனுஷி, சிரித்த முகம், ரெண்டு எருமை வைத்திருந்தாள். அவள் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். ஏழு வயசுப் பிள்ளை முந்தானையில் எங்கே அடங்கும்? பக்கத்தில் நிற்க வைத்தார்கள். குழந்தைக்கு அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ரெட்டைச் சடை போட்டு, புது சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். காலையிலிருந்து ஏதோ விசேஷம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு முறை லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

நாத்தனார் தண்ணி வார்த்து, இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டாம், இனிமேல் உனக்குத்தான் என்று மூன்று முறை சொன்னார். சடங்குக்கு ஒரு முறை போதும். அவர் மூன்று முறை சொன்னார், அதுவும் என் காதுக்கு நல்ல சுருதியோடு.

பிள்ளை நாத்தனாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ரெண்டு கையையும் தூக்கிச் சடையிலிருந்த ரிப்பனை அவிழ்த்தாள். ஒன்றை அவிழ்த்து, அடுத்ததை அவிழ்த்து, ரெண்டையும் சேர்த்துச் சுருட்டி என்னிடம் நீட்டினாள்.

“இது உங்களுது, அத்தை.”

நானும் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

எத்தனையோ வருஷம் ஆயிற்று. இதை எழுதும்போதுகூட அந்த வரியை அடித்துவிடலாமா என்று தோன்றுகிறது. வாங்கிக்கொண்டேன், அதுதான் நடந்தது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள், எவ்வளவு விவரமான பிள்ளை என்றார்கள். அவள் அந்தப் பேகோபுரத்து அம்மாள் பின்னால், திரும்பிப் பார்க்காமல், அழாமல், பெரிய மனுஷி மாதிரி நடந்து போனாள். நாலு வீடு மாறினவளுக்கு அஞ்சாவது வீட்டுக்கு எப்படி நடக்கணும் என்று தெரிந்திருந்தது.

ஒரு வேளைச் சோறாவது விற்ற வீட்டில் தின்றுவிட்டு வரணும் என்பது நாத்தனாரின் அடுத்த சட்டம். வீட்டில் நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. ரிப்பனை எங்கே வைத்தேன் என்றும் ஞாபகம் இல்லை. உச்சி வெயில் ஆனதும் முறத்தில் தவிட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் நாத்தனார், அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அம்மாள், அவருக்குப் பின்னால் வேலையில்லாத நாலு பேர். தவிட்டைப் பார்த்து ஒரு கழுதையும் கொஞ்ச தூரம் வந்தது. அதற்காவது காரணம் இருந்தது.

அந்த வீட்டுக் கொல்லையில் பிள்ளை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டு, குண்டான், தவலை எல்லாம் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அஞ்சும் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தன.

“நான் சொல்லவே இல்லம்மா,” என்று பேகோபுரத்து அம்மாள் வெட்கத்தோடு சொன்னாள். “வந்ததும் எந்தக் கொடத்துல தண்ணி எடுக்கணும்னு கேட்டா. நான் சோறு துன்னுடினு சொன்னேன். அப்பறமா துன்றேன்னுட்டு ஒக்காந்துட்டா.”

முதல் நாள் என் வீட்டில் நான் பூரித்துப்போன அதே கேள்வி. அப்போதுதான் உறைத்தது. அது பொறுப்பு இல்லை. இந்த வீட்டில் எதைச் செய்தால் துரத்த மாட்டார்கள் என்று ஒரு குழந்தை விலை கேட்கிறாள்.

நாத்தனார் என் முதுகில் இடித்தார். சொல்லு, உன் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லு என்றார். பிள்ளை கையில் சாம்பலோடு எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பேகோபுரத்து அம்மாளிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

“இப்பதான வந்தேன்? இன்னும் ஒண்ணும் ஒடைக்கலயே. நான் இன்னா தப்பு செஞ்சேன்?”

திரும்ப வாங்க வந்திருக்கிறோம் என்பது அவளுக்குப் புரியவில்லை. இந்த வீட்டிலிருந்தும் துரத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அதுவும் சோறு தின்பதற்கு முன்னாலேயே.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. முறத்தைக் கொண்டுபோய் எருமைக்கு முன்னால் கொட்டினேன். அது உடனே தின்ன ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்திலேயே பிரயோஜனமான காரியம் செய்தது அந்த எருமைதான்.

“நான் குடுக்கல அண்ணி,” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. “குடுத்தாதான வாங்கணும். நான் வாயத் தொறந்து குடுத்தேன்னு சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.”

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்து, ஓகோ, இவளுக்குப் பேசக்கூட வருமா என்று எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் எனக்கும் இப்போதுதான் தெரியும் என்கிற மாதிரி கையை விரித்தார். நான் பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு, அங்கேயே உட்கார வைத்து, அந்த வீட்டுச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சடங்கு பாதியில் நின்றது. சட்டப்படி பிள்ளை இன்னும் பேகோபுரத்து அம்மாளுக்குத்தான் சொந்தம் என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னார். இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். மூணு வருஷம் மிதிக்கவில்லை. பரிகாரம் பலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நான் வாயைத் திறந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை நம்பவில்லை. நம்ப அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? முன்னைவிட நல்ல பிள்ளையானாள். விடிவதற்குள் வாசல் பெருக்கியிருப்பாள்.

எனக்கு அன்பாகப் பேசவெல்லாம் தெரியாது. கொஞ்சுவதற்கும் கூச்சம். தெரிந்த வேலையைச் செய்தேன். சாப்பாட்டைப் பதுக்குகிறாள் என்று திட்டுவதை விட்டுவிட்டு, மூடி போட்ட ஒரு தூக்கு வாங்கி, அதில் எப்போதும் பொரியோ முறுக்கோ போட்டு அவள் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்தேன். இது உன்னுது, கேட்காமல் எடுத்துக்கொள் என்றேன். திருட்டுக்குத் தூக்கு வாங்கிக் கொடுத்தவள் என்று தெருவில் எனக்குப் பேர் வந்தது. கடைக்குப் போனால், இன்ன கடைக்குப் போகிறேன், முனிசிபாலிட்டிச் சங்கு ஊதுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். பெற்ற பிள்ளைக்கே யாரும் இப்படி லெட்டர் எழுதாத குறையாகச் சொல்லிக்கொண்டு போவதில்லை என்றார்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன். ஒரு நாள் வழியில் சாமி ஊர்வலம் மறித்து நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பிள்ளை மூலையில் உட்கார்ந்து, தன் துணிகளை மடித்து மடியில் வைத்திருந்தாள். அதற்கப்புறம் சாமி வந்தாலும் சந்து வழியாகப் புகுந்து ஓடி வந்தேன். சாமியாவது பொறுத்துக்கொள்வார்.

ஒன்பது வயசில் அவளுக்குத் தூளி வேண்டும் என்று ஆசை வந்தது. தூளியில் ஆடுகிற பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் என் பழைய புடவையை உத்திரத்தில் கட்டினேன். ஒன்பது வயசுக் கழுதையைத் தூளியில் போட்டு ஆட்டுகிறாள், அடுத்து பால் புட்டி வாங்குவாள் என்று எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வாசல் போய்ச் சொன்னார். சொல்லட்டும். மத்தியானத்தில் கதவைச் சாத்திவிட்டு ஆட்டினேன். கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர்கூட ஒரு நாள், யாரும் பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வந்து ரெண்டு ஆட்டு ஆட்டினார். அன்றைக்கு அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை.

பத்து வயசில் அவள் கெட்டுப்போக ஆரம்பித்தாள். அப்பாடா என்றிருந்தது. சோறு குழைந்திருக்கிறது என்றாள். எதிர்வீட்டுப் பையனைக் கடித்தாள், அவன் முதலில் என்ன செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே ஒரு ஊறுகாய் ஜாடியைப் போட்டு உடைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். உள்ளுக்குள் எனக்கும் கோபம் பொங்கியது, அது நல்ல வடுமாங்காய். கண்ணாடி மாதிரி குத்தும், தள்ளி நில்லு, நான் கூட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாசமும் ஒன்று உடைந்தது. அதற்கப்புறம் உடையவில்லை.

அந்தக் கார்த்திகை தீபத்துக்கு நாத்தனார் வந்தார். தீபத்துக்கு வருகிற சொந்தத்தை வராதே என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சபதம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை தாண்டி வந்திருப்பார். வந்தவர் பையிலிருந்து அச்சடித்த ஒரு பாரத்தை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். வேலூர் விடுதியில் சேர்க்கிற பாரம். பெண்பிள்ளை பெரியவளாகப் போகிறாள், அதற்கு முன்னால் அனுப்பிவிட்டால் பொறுப்பு விட்டது, ஒரு கையெழுத்துதான் என்றார். என் வீட்டுக்காரர் பேனாவைத் தேடவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா முன்னால் அவருக்கும் என் வியாதிதான்.

ஒரு முறை பேசினேன், அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது போல. யார் கூப்பிட்டாலும் பின்னால் போகிற பிள்ளை அவள். இப்போதும் போய்விட்டால்?

நாத்தனார் அவளைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் என்னோடு பஸ்ஸில் கிளம்பணும், துணியை எடுத்து வை என்றார்.

அவள் கூடத்தின் நடுவில் காலை நீட்டிக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கக்கூட இல்லை.

“முடியாது.”

“இன்னாடி?”

“நான் வரமாட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நீ வேணா போ.”

நீ என்றாள். பெரியம்மா முறை, அறுபதைத் தொடப்போகிறவர், அவரைப் பார்த்து நீ என்றாள். அதுவரை எங்கள் வீட்டில் பூனையைக்கூட வாங்க, போங்க என்று கூப்பிட்ட பிள்ளை. தோலை வாசல் பக்கம் ஊதிவிட்டு, பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.

நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்கணும். என்னைப் பார்த்து, “பாத்தியா? இதான் நீ வளத்த லட்சணம்,” என்றார்.

“ஆமாங்க அண்ணி,” என்றேன். “நான் வளத்ததுதான்.”

என் வீட்டுக்காரர் பாரத்தை மடித்து, அக்காவின் பையிலேயே பவ்யமாகத் திருப்பி வைத்தார். நாத்தனார் தீபம் பார்க்கக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். மலை மேலே எரிவது அவர் ஊரிலிருந்தும் தெரியும், ஒன்றும் நஷ்டமில்லை.

அவர் போனதும், பெரியவர்களை நீ என்று சொல்லக் கூடாது என்று நான் பிள்ளையைக் கண்டித்தேன். கண்டிக்கணும் இல்லையா. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“நீ பேசவே மாட்ட. அதான் நான் பேசினேன்,” என்றாள். எனக்கும் நீதான் அன்றைக்கு.

சாப்பிட உட்கார்ந்தபோது குழம்பில் உப்பு கம்மி என்று வேறு சொன்னாள். சரியாகத்தான் இருந்தது. நான் எழுந்து போய் உப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.